காரைக்குடியில் வாங்கிய மாஜிக் லாந்தர்: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

விலை 38,500 ரூபாய். கடைக்காரர் முதலில் சொன்னது 52,000. வாங்கிய பொருள் ஒரு மாஜிக் லாந்தர், அதாவது கண்ணாடி ஸ்லைடில் உள்ள படத்தை விளக்கு வெளிச்சத்தால் சுவரில் பெரிதாகக் காட்டும் பழைய கருவி, கூடவே ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் 43 கண்ணாடி ஸ்லைடுகள். வாங்கியவள் பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் பூகோளம் நடத்திவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியை. விற்றவர் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். அவர் பெயரோ கடையின் பெயரோ இங்கே வராது. குறை சொல்லப் போகிறேன், அதனால்.

பித்தளைத் தூக்குவாளி ஒன்று வாங்கத்தான் போனேன். தூக்குவாளிகளுக்குப் பின்னால் ஒரு மூலையில் கறுத்த தகரக் கூடு ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. தலையில் வளைந்த புகைபோக்கி, முகத்தில் பித்தளைக் குழல். "இது என்ன தம்பி?" என்றேன். "ராணி காலத்து சினிமா மிஷின், டீச்சரம்மா. 1850இல் லண்டனில் செய்தது" என்றார்.

1850 என்பது கதை. கூட்டுக்குப் பக்கத்தில் தனியாகக் கழற்றி வைத்திருந்தது மூன்று திரி போட்டு எரிக்கும் மண்ணெண்ணெய் விளக்கு. 1850இல் மண்ணெண்ணெய் விளக்கு கடைத்தெருவுக்கே வந்திருக்கவில்லை. அது போக, ஸ்லைடுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருந்த சீட்டில் யாரோ பென்சிலால் 1911 என்று எழுதி வைத்திருந்தார்கள். அதை விரலால் தொட்டுக் காட்டியதும் விலையில் 13,500 ரூபாய் உதிர்ந்தது. வாத்தியார் வேலைக்கு ஓய்வூதியம் தவிரவும் பயன் உண்டு.

இந்தப் பொருளை அறியாதவர்களுக்கு: சினிமா வருவதற்கு இருநூறு வருஷத்துக்கு மேலாகவே இது இருக்கிறது. 1659இல் ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் செய்தது. சனிக்கோளின் வளையத்தை வளையம் என்று கண்டு சொன்னவரும் அவரே. கூட்டுக்குள் ஒரு விளக்கு. விளக்குக்கு முன்னால், ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் புடைப்புமான இரண்டு பெரிய வில்லைகள் (லென்ஸ்), புடைப்புப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி. இவை வெளிச்சத்தைச் சிதறாமல் கூட்டிக் கொடுக்கும். அதற்கு முன்னால் ஸ்லைடு நிற்கும் மரச்சட்டம். கடைசியில் பித்தளைக் குழலுக்குள் படத்தைப் பெரிதாக்கி வீசும் வில்லை. குழலின் பக்கவாட்டில் ஒரு சிறு திருகு. பல் சக்கரத்தைத் திருகினால் குழல் முன்னும் பின்னும் நகர்ந்து படம் தெளியும். அவ்வளவுதான் இயந்திரம். கெட்டுப்போவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்பதால்தான் நூறு வருஷம் கழித்தும் ஓடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வில்லை பிரமாதம். நடுவில் படம் ஊசிமுனைபோல் தெளிவு. ஓரங்களில் மட்டும் கொஞ்சம் மசமசப்பு. மூன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் நான்கு அடிப் படம் விழுகிறது. பல் சக்கரம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நகர்கிறது. மரச்சட்டம் இரட்டைச் சட்டம்: ஒரு ஸ்லைடு திரையில் இருக்கும்போதே பக்கத்துக் குழியில் அடுத்ததை வைத்துவிடலாம், தள்ளினால் இது போய் அது வரும். தேக்கு இல்லை, ஏதோ சீமை மரம். ஆனாலும் ஒரு இழை கூட வீங்கவில்லை.

இனி மின்சாரம். கடைக்காரர் திரி விளக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 100 வாட் பல்பு ஒன்றை மாட்டி, வயரை முறுக்கி, அதன்மேல் டேப்பைச் சுற்றி, "அப்படியே போட்டுப் பார்க்கலாம், டீச்சரம்மா" என்று அனுப்பினார். வீட்டுக்கு வந்து போட்டேன். புகைபோக்கியைத் தொட்ட கை தோள்பட்டை வரை விண்ணென்றது. எர்த் கிடையாது, தகர உடம்பு முழுக்க மின்சாரம். தெருமுனை எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, வில்லைக்கு நேர் பின்னால் 20 வாட் எல்.இ.டி. ஒன்றைச் சிறு தாங்கியில் பொருத்தினார். கூலியும் பொருளுமாக 1,150 ரூபாய். இதை வாங்க நினைப்பவர்கள் விலையோடு இந்தத் தொகையையும் கூட்டிக்கொள்ளுங்கள். எல்.இ.டி. வெளிச்சத்தில் படம் சற்றே நீலம் பாய்ந்து தெரிகிறது. ஒரு மஞ்சள் கண்ணாடித்தாளை இடையில் செருகினேன், சரியாகிவிட்டது.

அந்த 100 வாட் பல்பு இன்னொரு நாசமும் செய்தது. சூடேறிய கூட்டுக்குள் வைத்த முதல் ஸ்லைடு, தஞ்சைப் பெரிய கோவில், விமானத்தின் உச்சியிலிருந்து நந்தி வரைக்கும் விரிசல் விட்டது. பழைய காலத்து லாந்தர்காரர்கள் காட்சிக்கு முன் ஸ்லைடுகளை விளக்கருகே வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்வார்கள். குளிர்ந்த கண்ணாடி திடீர்ச் சூட்டில் வெடிக்கும், அல்லது பனி படர்ந்து படம் மங்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆசையில் மறந்தேன். இதில் பாதிப் பழி என்னுடையது.

பிரிட்டிஷ் ஸ்லைடு என்றால் மூன்றேகால் அங்குலச் சதுரம். பெட்டியில் இருந்த 43இல் ஏழு, மூன்றேகாலுக்கு நான்கு அங்குலம். அது அமெரிக்க அளவு, என் சட்டத்துக்குள் நுழையவே இல்லை. மூன்றில் மருந்துப் பூச்சு உரிந்து படம் பாம்புச்சட்டைபோல் தொங்கியது. தஞ்சாவூர் ஒன்று போனது. மிச்சம் 32. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்காமல் பணம் கொடுத்தது என் தவறு. எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லி அளவைச் சொல்லாமல் விட்டது அவர் சாமர்த்தியம்.

அந்த 32க்காக 38,500 தகுமா என்று என் தம்பி கேட்டான். தகும் என்பதை விளக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இங்கே கொஞ்சம் சுருக்கிச் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் மையால் எழுதிய எண் இருக்கிறது. கடைக்காரர் அழகு பார்த்து அடுக்கியிருந்தார்: வண்ணம் தீட்டியவை முன்னால், கறுப்பு வெள்ளை பின்னால். நான் எண்படி அடுக்கினேன். கரையிலிருந்து எடுத்த தூத்துக்குடிக் கடலும் தோணிகளும் முதலில் வந்தன. பிறகு பஞ்சுப் பொதிகள். பனையேறி. மதுரைக் கோபுரம், தெப்பக்குளம். திருச்சி மலைக்கோட்டை. தஞ்சாவூரின் இடம் இப்போது காலி. சென்னைக் கோட்டை. அப்புறம் கடல் தாண்டி ரங்கூனின் பொன் கோபுரம். திரும்பி வந்து கல்கத்தா, காசிப் படித்துறை, லக்னோவில் இடிந்த சுவர்கள். இன்னும் மேலே போய், கடைசி மூன்றும் கைபர் கணவாய், ஒட்டக வரிசை, பீரங்கி வண்டி.

இந்தப் பாதையை நான் முன்பே படித்திருக்கிறேன். 1910இல் ஹால்ஃபோர்ட் மக்கிண்டர் இந்தியாவைப் பற்றி எழுதி வெளியிட்ட எட்டு லாந்தர் விரிவுரைகளின் பாதை இது. பூகோளம் படித்தவர்களுக்கு மக்கிண்டரை அறிமுகப்படுத்த வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் பூகோளத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக நிலைநாட்டியவர், 1899இல் கென்யா மலை உச்சியில் முதலில் ஏறியவர், 1904இல் உலக அரசியலின் அச்சு யூரேசியாவின் நடுவில் இருக்கிறது என்று லண்டனின் பூகோளச் சபையான ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தவர். அந்த மனிதர் லாந்தர் விரிவுரைக்கு வசனம் எழுதினார் என்பதை நான் பணியில் இருந்த காலத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

விஷயம் இப்படித் தொடங்கியது. 1902இல், கல்வித்துறை அறிஞர் மைக்கேல் சாட்லரின் யோசனைப்படி, காலனிகளுக்கான அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் ஒரு கமிட்டி அமைத்தார். படம் காட்டிப் பாடம் நடத்துவது அதன் வேலை. தலைவர் மீத் பிரபு. பள்ளிகளில் 'பேரரசு நாள்' கொண்டாட வைக்கப் பாடுபட்ட அதே மீத். முதலில் காலனிப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்தைக் காட்டுவது என்று முடிவாயிற்று. சோதனைக்கு எடுத்துக்கொண்ட மூன்று இடங்கள் இலங்கை, மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்கள், ஹாங்காங். மக்கிண்டர் ஏழு விரிவுரைகள் எழுதினார். முதலாவது கிழக்கிலிருந்து லண்டனுக்குக் கடல் பயணம், இரண்டாவது லண்டன் மாநகரம், ஏழாவது பேரரசின் பாதுகாப்பு.

அடுத்த கட்டத்தில் திசை மாறியது: இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குக் காலனிகளைக் காட்ட வேண்டும். சீமாட்டிகள் சந்தா திரட்டினார்கள். முன்னால் நின்றவர் அன்றைய வேல்ஸ் இளவரசி, பின்னாளில் ராணி மேரி. ஹியூ ஃபிஷர் என்ற ஓவியரை 1907இல் படம் பிடிக்க அனுப்பினார்கள். அவர் செதுக்கோவியம் செய்கிறவர். புகைப்படம் எடுப்பதை இந்த வேலைக்காகக் கற்றுக்கொண்டார். அவருக்கு இட்ட கட்டளையில் இரண்டு விஷயங்கள் முக்கியம்: அந்த நாட்டுக்கும் மக்களுக்கும் உரிய இயல்பான அடையாளங்களைப் பிடிக்க வேண்டும், அவற்றின்மேல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்து சேர்த்தவற்றையும் பிடிக்க வேண்டும். கோவில் ஒரு படம், பாலம் ஒரு படம். ஃபிஷர் மூன்று வருஷம் பேரரசு முழுக்க அலைந்து எடுத்தவை இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

என் பெட்டியில் இருப்பது அந்தக் கமிட்டியின் ஸ்லைடுகள்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சீட்டில் வணிகர் பெயர் இருந்த பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. லண்டனில் அப்போது இதே மாதிரி ஸ்லைடுகளை விற்கவும் வாடகைக்கு விடவும் பல கடைகள் இருந்தன. ஆனால் பாதை அந்தப் பாதை.

இந்தியாவைப் பற்றிய அந்த எட்டுத் தலைப்புகளைப் பாருங்கள். சென்னை மாகாணத்துக்கு இந்து மதம். பர்மாவுக்குப் புத்த மதம். வங்காளத்துக்குப் பருவமழை. ஐக்கிய மாகாணத்துக்கு 1857 கிளர்ச்சி. பம்பாய்க்கு மராட்டியர். ராஜபுதனத்துக்குச் சமஸ்தானங்கள். டெல்லிக்கு இஸ்லாம். எட்டாவது வடமேற்கு எல்லை, இந்தியாவின் பாதுகாப்பு. இங்கிலாந்தைக் காட்டினாலும் இந்தியாவைக் காட்டினாலும் வண்டி கடைசியில் போய் நிற்கும் இடம் ராணுவ முகாம். ஒரு ஸ்லைடை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தால் இது தெரியாது. ஒட்டகம் ஒட்டகமாகத்தான் தெரியும். எண்படி அடுக்கினால்தான் தெரியும். அதனால்தான் அழகு பார்த்து அடுக்கிய கடைக்காரர் மேல் எனக்கு அத்தனை கோபம்.

இன்னொன்று. ஃபிஷர் கிளம்பிய அதே 1907இல் எங்கள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வ.உ.சி.யின் சுதேசிக் கம்பெனி காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை ஓட்டிக்கொண்டிருந்தது. 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்ததும் திருநெல்வேலி கொந்தளித்தது, ஜூலையில் தண்டனை. மக்கிண்டரின் விரிவுரைகள் அச்சில் வந்தபோது அவர் சிறையில் இருந்தார். என் பெட்டியில் தூத்துக்குடிக்கு நான்கு ஸ்லைடுகள் இருக்கின்றன. தோணி உண்டு, பஞ்சு உண்டு, கடலில் தள்ளி நிற்கும் நீராவிக் கப்பல் ஒன்றுகூட உண்டு. அது யார் கப்பல் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கொடி நான்கு புள்ளி அளவு. தெரியவில்லை.

லாந்தரோடு வராத ஒரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்லைடுத் தொகுதியோடு அந்தக் காலத்தில் ஒரு சிறு புத்தகமும் கொடுப்பார்கள்: எண் வாரியாக இந்தப் படத்துக்கு இதைப் பேசு என்று எழுதியிருக்கும். ஊர்ப் பாதிரியாரோ பள்ளி ஆசிரியரோ இந்தியாவை மிதித்தே இராவிட்டாலும் அதை வாசித்து ஒரு மாலை நேரத்தை ஓட்டிவிடலாம். என் பெட்டியில் அந்தப் புத்தகம் இல்லை. கடைக்காரரிடம் கேட்டபோது, "படம் இருக்கும்போது புத்தகம் எதற்கு டீச்சரம்மா?" என்றார். பாதிப் பொருளைத்தான் வாங்கியிருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வசனம் இல்லாத தெருக்கூத்துபோல.

ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1830இல் தொடங்கிய அந்தச் சபையில் லாந்தர் என்றால் பிள்ளைகளின் வேடிக்கை என்று முகம் சுளித்த பெரியவர்கள் இருந்தார்கள். 1890களில் அது வழக்கமாகிவிட்டது; நாடு சுற்றி வந்தவர் மேடை ஏறினால் பின்னால் வெள்ளைத் துணி தொங்கியாக வேண்டும். அதே காலத்தில்தான் 22 பெண்களை உறுப்பினராகச் சேர்த்துவிட்டு, பெரும் சண்டை வந்து, இனி பெண்கள் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் கர்சன், ஆம், வங்காளத்தை வெட்டிய அதே கர்சன் பிரபு. இருபது வருஷம் கழித்து 1913இல் அவர் தலைவராக இருந்தபோது அவரே கதவைத் திறந்துவிட்டார். இருட்டில் உட்கார்ந்து படம் பார்க்கப் பெண் ஆகும், சபையில் கையெழுத்துப் போட ஆகாது. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் எங்கள் பள்ளியில் வரைபட அறையின் சாவி ஆண் ஆசிரியரிடம்தான் இருந்தது. அந்த நினைவு வந்தது, எழுதிவிட்டேன்.

லாந்தர் என்றாலே வெள்ளைக்காரன் நம்மைப் பார்த்த கண்ணாடி என்று முடித்துவிடவும் கூடாது. கல்கத்தாவில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை ஆரம்பித்தபோது அவருக்குத் தோள் கொடுத்தவர் லஃபோன் என்ற பெல்ஜியப் பாதிரியார். கருவிகளையும் லாந்தர் படங்களையும் வைத்து அறிவியலைப் பொதுமக்களுக்குக் காட்டியவர். அரசாங்கத்தின் பிடி இல்லாமல் இந்தியர்களே நடத்த வேண்டும் என்பது சர்க்காரின் பிடிவாதம். 1907இல் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா போன நம் சி.வி. ராமன், பவ்பஜார் தெருவில் அந்தக் கழகத்தின் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தார். மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும். ஃபிஷர் ஒரு பெட்டியோடு கப்பல் ஏறிய வருஷமும் 1907தான். பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாணில் 1892 வாக்கிலேயே மகாதேவ் கோபால் பட்வர்தன் 'சாம்பரிக் கரோலிகா' என்று பெயர் சூட்டி, கண்ணாடியில் கையால் தீட்டிய புராணப் படங்களை லாந்தரில் காட்டி ஊர் ஊராகப் போனார். ஒரே தகரக் கூடுதான். யார் ஸ்லைடைச் செருகுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

சரி, பொருளுக்கு வருவோம். காட்சி நடத்திப் பார்க்காமல் லாந்தரை எப்படி மதிப்பிடுவது?

சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை இரவு வீட்டு முற்றத்தில் நடத்தினேன். தெருப் பிள்ளைகள் பதினான்கு பேர், பெரியவர்கள் ஆறேழு பேர். திரைக்கு எட்டு முழ வேட்டி. அதன் அகலம் நான்கு அடிக்குச் சற்று மேல், படத்துக்குச் சரியாகப் பொருந்தியது. கசங்கல் தெரியாமல் இருக்க நனைத்துக் கட்டினேன். லாந்தரை ஓட்டியவள் எதிர்வீட்டுப் பெண், ஏழாம் வகுப்பு. அந்தக் காலத்து விரிவுரையாளர் படம் மாற்றச் சொல்லிக் கோலால் தரையைத் தட்டுவார் அல்லது சிறு மணி அடிப்பார். என்னிடம் பழைய பிரம்பு இருந்தது. அடிக்கத்தான் கூடாது, தட்டலாம்.

ஸ்லைடு செருகுவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. படத்தைத் தலைகீழாக வைக்க வேண்டும். பிரிட்டிஷ் ஸ்லைடுகளின் மேல் மூலைகளில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். விளக்குப் பக்கம் நின்று பார்க்கும்போது பொட்டுகள் நம் பக்கமாகவும் கீழேயும் இருந்தால் திரையில் படம் நேராக விழும். கடையில் எனக்குப் போட்டுக் காட்டியபோது சுவரில் பனைமரம் தலைகீழாகத் தொங்கியது. "மிஷினே இப்படித்தான், டீச்சரம்மா. கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்" என்றார் கடைக்காரர். நான் மறுபேச்சில்லாமல் பொட்டைக் காட்டித் திருப்பி வைத்தேன். வேலைக்கு நிற்கும் பையன் சிரித்துவிட்டான்.

காட்சி நன்றாகவே போனது, பனையேறி வரும் வரை. எட்டாவது ஸ்லைடு. வெற்றுடம்பாக ஒருவர் பனையின் பாதி உயரத்தில் நின்று முகத்தைத் திருப்பிக் காமிராவைப் பார்க்கிறார். கையால் வண்ணம் தீட்டியது. மரத்தைக் காட்டிலும் அவர் உடம்பில் அதிகக் கறுப்பைப் பூசியிருக்கிறார்கள். நான் பேச வாயெடுத்தேன். பின்னால் நாற்காலியில் இருந்த பெரியவர், எண்பது வயது, "கொஞ்சம் நிறுத்துங்கள், டீச்சர்" என்றார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் நிழல் பனைமேல் விழுந்தது.

"இவரிடம் தளைநார் இருக்கிறது, சரி. அரிவாள்பெட்டி எங்கே? கலயம் எங்கே? கலயம் இல்லாமல் எவன் பனை ஏறுவான்? என் அப்பா ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறியவர். வெயிலைப் பாருங்கள், நிழல் காலடியிலேயே கிடக்கிறது. உச்சி வெயிலில் யார் பாளை சீவுவார்கள்? இவரைக் கூப்பிட்டு ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள்."

"அப்படியென்றால் அவர் சும்மா படம் காட்டுகிறாரா, தாத்தா?" என்றான் ஒரு பொடியன். முற்றமே சிரித்தது.

அதற்கப்புறம் என் விரிவுரை தேவைப்படவில்லை. பெரியவர் கடிப்பு எதற்கு, கலயத்துக்குள் சுண்ணாம்பு எதற்கு, முருக்குத்தடியை மரத்தில் எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று இருபது நிமிஷம் பேசினார். லாந்தர் அந்தப் பனையேறியைத் தாங்கிக்கொண்டு அப்படியே எரிந்தது. எல்.இ.டி. என்பதால் ஸ்லைடு சூடாகவில்லை. பழைய பல்பாக இருந்தால் இந்நேரம் வெடித்திருக்கும். இந்தப் பொருளுக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பெரும்பங்கு அந்த இருபது நிமிஷத்துக்குரியது. லண்டனில் ஏதோ ஒரு பள்ளிக் கூடத்தில் இதே படம் விழுந்தபோது எழுந்து நின்று கலயம் எங்கே என்று கேட்க ஒருவரும் இருந்திருக்க மாட்டார். அரைநிமிஷத்தில் கோல் தட்டியிருப்பார்கள், மதுரை வந்திருக்கும்.

மறுவாரம் ஒரு வேலை செய்தேன். ஜெராக்ஸ் கடையில், வகுப்பில் சுவரில் பாடம் காட்டிய பழைய ஓ.எச்.பி. கருவிக்குப் போடும் ஒளி ஊடுருவும் தாளில் படம் அச்சடித்துத் தருகிறார்கள், தாள் ஒன்றுக்கு 30 ரூபாய். ஒரு தாளில் நான்கு படம் அடங்கும். கண்ணாடிக் கடையில் மூன்றேகால் அங்குலச் சதுரம் வெட்டித் தரச் சொன்னால் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், பிறகு துண்டு 15 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே படத்தை வைத்து ஓரத்தைக் கறுப்புத் துணி டேப்பால் சுற்றினால் ஸ்லைடு. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் நன்றாக வருகின்றன. வண்ணப் படம் வெளிறிப்போகிறது. நான் முதலில் செய்தது மூன்று: வ.உ.சி., அவர் கம்பெனியின் பங்குப் பத்திரம், பெரியவர் தன் அப்பாவின் அரிவாள்பெட்டியோடு நிற்கும் படம். பெட்டி இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. எண்களை மாற்றவில்லை. 4அ, 4ஆ, 8அ என்று ஒட்டி, பழைய வரிசைக்குள்ளேயே செருகியிருக்கிறேன். பீரங்கி வண்டிக்குப் பின்னால் ஒரு குழி காலியாக இருக்கிறது. எதைப் போடுவது என்று பிள்ளைகளிடம் விட்டிருக்கிறேன். இதுவரை வந்த யோசனைகளில் முன்னணியில் இருப்பது எதிர்வீட்டுப் பூனை.

கடையின் சேவைக்கு வருகிறேன். ஏழு அமெரிக்க ஸ்லைடுகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி நான்கு முறை தொலைபேசியில் பேசினேன். மூன்று முறை "முதலாளி வெளியூர்". நான்காவது முறை முதலாளியே எடுத்து, தான் வெளியூரில் இருப்பதாகச் சொன்னார். கடைசியில் ஸ்லைடைத் திருப்பிக்கொள்ளாமலே 2,000 ரூபாய் அனுப்பிவிட்டார். கட்டியனுப்பிய விதத்தில் குறை இல்லை: ஒவ்வொரு ஸ்லைடையும் பழைய தினசரியில் சுற்றி, வைக்கோல் பரப்பி, பெட்டிக்குள் பெட்டியாக வைத்திருந்தார், காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தும் ஒன்றும் உடையவில்லை. பொருளுக்கு ஐந்தில் நான்கு போடுவேன். மின்சார வேலைக்குப் பூஜ்யம். நேர்மைக்கு இரண்டரை, அதில் அரை அந்த 2,000 ரூபாய்க்காக.

வாங்க நினைப்பவர்கள் ஒரு அளவுகோலும் பூதக்கண்ணாடியும் கொண்டு போங்கள். ஸ்லைடின் அளவை அங்கேயே பாருங்கள். வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் பொருத்தித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எண் எழுதிய சீட்டுகளை யாரும் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொருளின் பாதி உயிர் அதில் இருக்கிறது. வாசிப்புப் புத்தகம் கூட இருந்தால் என்ன விலை சொன்னாலும் பேரம் பேசாதீர்கள். பேசினால் எடுத்து ஒளித்துக்கொள்வார்கள்.

போன வாரம் கடைக்காரர் தானாகவே கூப்பிட்டார். செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரிக்கும்போது இன்னொரு பெட்டி கிடைத்திருக்கிறதாம், ரங்கூன் படங்களாம். "இந்த முறை அளந்து பார்த்துவிட்டேன், டீச்சரம்மா. எல்லாம் சதுரம்" என்றார். புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்லைடை விரலால் பிடித்து எடுத்தது. பொன் கோபுரம் தலைகீழாக நின்றது. வெள்ளைப் பொட்டு இரண்டும் கீழே, இந்தப் பக்கம் பார்த்தபடி.